அக்காவின் கட்டம்

அக்காவின் கட்டத்தை அழித்துவிடு என்று வேனில் எல்லோரும் என்னிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பொங்கல் முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஒரே அமுக்கு, போய்விடும். என் விரல்தான் போகவில்லை. ஆள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாதபோது அவள் இடத்தை எப்படி அழிப்பது?

எந்தக் கட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் விழுப்புரத்தில் காலையில் கிளம்பி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு, திண்டிவனம் தாண்டி இருக்கும் கடலை மிட்டாய் கம்பெனிக்குப் போகிறவர்கள். பேக்கிங் பிரிவு. போகும்போதும் வரும்போதும் வேனில்தான் எங்கள் பொழுது. கையில் போன், காதில் வயர். சீரிஸ் பார்க்கிற ஆப் ஒன்றுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே கணக்கு வைத்திருந்தோம். ஒரு கணக்குக்கு ஐந்து கட்டம் தருவார்கள். கட்டத்துக்கு ஒரு பொம்மை மூஞ்சி. ஒன்று எனக்கு, ஒன்று கூட்டேரிப்பட்டில் ஏறுகிற சத்யாவுக்கு, ஒன்று டிரைவர் ஏழுமலை அண்ணனுக்கு, ஒன்று வேன் முழுக்க அக்கா என்றே கூப்பிடுகிற அக்காவுக்கு. ஐந்தாவது மிச்சம் இருந்த அத்தனை பேருக்கும் பொது. அந்தப் பொதுக் கட்டத்தைத் திறந்தால் பேய்க் கதை, குழந்தைகள் கார்ட்டூன், சாமி கதை, கொரியாக்காரர்களின் காதல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். யாருக்கு என்ன பிடிக்கும் என்று அந்த ஆப்புக்கே குழம்பிப் போயிருக்கும்.

கணக்கு என் நம்பரில் இருந்தது. எந்த நேரம் என்ன செய்தி வருமோ என்ற பயத்தில் என் போன் எப்போதும் முழுச் சார்ஜில் இருக்கும், அதனால் என்னைப் பிடித்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். ஓடிபி என்று ஒரு எண் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அடுப்பை அணைத்தேனா, வீட்டுக்காரர் லாரி எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதோ என்று விக்கிரவாண்டி வருவதற்குள் மனசில் நாலு விபத்தைப் பார்த்துவிடுவேன். அக்காதான் அதை முதலில் கண்டுபிடித்தாள்.

"இன்னாடி, உதட்டக் கடிச்சிக்கினு வர்ற. யாரச் சாவடிச்சிக்கினு கீற மனசுல?"

டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் அவள் இடம். கண்ணாடிக்கு ஒரு கறுப்பு நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கம்பெனியில் தலைக்குப் போடுகிற வலைத் தொப்பியை நாங்கள் வெளியே வந்ததும் கசக்கி எறிவோம். அவள் மடித்து மடித்து விரல் அளவாக்கி இடுப்பில் சொருகிக்கொள்வாள். வயது என்ன என்று சொல்லத் தெரியாது. சிரித்தால் என்னைவிடச் சின்னவள் மாதிரி இருக்கும்.

வேன் கிளம்பியதும் யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். "யக்கா, பாத்தது முடிஞ்சிபோச்சி. அடுத்து இன்னா பாக்கறது?"

அக்கா பெயர் சொல்ல மாட்டாள். பாதிப் பெயர் இங்கிலீஷ், எங்களில் யாருக்கும் நிற்காது. அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. தன் போனிலேயே நம்முடைய கட்டத்துக்குள் போவாள். நமக்கென்று நினைத்த சீரிஸைத் தேடி ஓடவிடுவாள். ஆரம்பத்தில் வருகிற பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிற வரைக்கும் விட்டு, கதை தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிடுவாள். அப்புறம் நாம் திறந்தால் முதல் வரிசையில் அதுவே நிற்கும், அடியில் ஒரு துளி சிவப்புக் கோட்டோடு. பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொண்டுவந்து நம் அடுப்படியில் மூடி வைத்துவிட்டுப் போகிற மாதிரி. "அக்கா ஒண்ணு வெச்சிருக்குது" என்றுதான் வேனில் சொல்வோம்.

"ஆப்பே சொல்லுதேக்கா, உங்களுக்காகன்னு ஒரு வரிசை போட்டு," என்றாள் சத்யா ஒருநாள்.

"அது நீ நேத்து இன்னா தின்னன்னு பாத்துட்டு இன்னிக்கும் அதையே போடுது. நான் உன் மூஞ்சப் பாத்துப் போடறேன்."

மாமியாரோடு ஒத்துவராமல் இருந்த ஒருத்திக்கு, நீர்மூழ்கிக் கப்பலில் அடைபட்ட சிப்பாய்களின் கதையை வைத்தாள். "எனக்கு எதுக்குக்கா கப்பலு?" என்று கேட்டாள் அவள். "உன் வூடு மட்டும் இன்னா, ஒரே கதவுதான? பாரு, எப்பிடி இடிச்சிக்காம நடக்கறாங்கன்னு." எனக்கு எப்போதும் நிறையப் பேர் இருக்கிற கதைதான் வைப்பாள். ஒரே ஆள் சுற்றி வருகிற கதை எனக்கு ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "ஒருத்தன் கதைன்னா நீ அவனையே புடிச்சிக்கினு தொங்குவ. பத்துப் பேரு கதைன்னா உன் பயத்த பத்துப் பேருக்கும் பங்கு போட்டுக் குடுத்துடலாம்." எனக்கு அப்படி ஆகவில்லை. பத்துப் பேருக்கும் சேர்த்துப் பயந்தேன். ஆனால் அவள் சொன்னபோது சரி என்று தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அவளுக்குக் கதையில் கதாநாயகன் கணக்கே இல்லை. நாங்கள் எல்லோரும் ஹீரோ அடிக்கிறான் என்று வாயைப் பிளந்துகொண்டு இருப்போம், அவள் மட்டும், "அந்த வாட்ச்மேன் எங்கடி போனான்? நாலாவது எபிசோடுல கொடையோட நின்னான். அப்புறம் ஆளே காணோம்," என்பாள். ஒருநாள் ஒரே வீட்டில் வாழும் நண்பர்களின் கதையைப் பாதியில் மூடிவிட்டாள்.

"நல்லாதானக்கா போய்க்கினு இருக்குது?"

"இன்னா நல்லா? எட்டுப் பேரு ஒரே வூட்ல கீறாங்க. மூணு வேளையும் தின்றாங்க. ஒருத்தனாவது தட்டு கழுவனானா? கழுவறதுக்குன்னு ஒருத்தியக் காட்டியிருந்தா அவளுக்கும் ஒரு கதை வந்திருக்கும். எழுதனவன் வூட்ல எவளோ கழுவி வெக்கறா போல. அதான் அவனுக்குத் தெரியல."

வேன் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"கும்பல் கதை எழுதறது பந்தி பரிமாறற மாதிரி. ஒரே எலைக்கு ஊத்திக்கினு நின்னா மத்த எலை காஞ்சி போவும். நடந்துக்கினே பாக்கணும், எந்த எலையில இன்னா இல்லன்னு. தண்ணி ஊத்த வர்றவனுக்கும் தாகம் எடுக்கும்னு தெரிஞ்சவன்தான் எழுதணும்."

இன்னொரு பழக்கமும் உண்டு, அதற்காக எல்லோரும் அவளைக் கிண்டல் செய்வோம். கடைசி எபிசோடை நேராகப் பார்க்க மாட்டாள். திரும்ப முதல் எபிசோடுக்குப் போவாள். எல்லாரும் வந்து முகம் காட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்துவாள். அப்புறம்தான் கடைசி எபிசோடு.

"பைத்தியமா நீ? முடிவு இன்னான்னு தெரிஞ்சிக்க ஜல்தியா போவாம பின்னால போற?" என்று கேட்பார் ஏழுமலை அண்ணன், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"ஆரம்பத்துல யாரார் இருந்தாங்கன்னு பாத்துக்கினு போனாதான், கடைசியில யாரு வரலன்னு தெரியும் ஏழுமல."

வேனிலும் அவள் அப்படித்தான். ஏறியவுடன் உட்கார மாட்டாள். நின்றபடியே பின்வரிசை வரை ஒருமுறை பார்ப்பாள். யாராவது வரவில்லை என்றால் யாரிடமாவது காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உட்காருவாள். காரணம் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு முழுக்க மிட்டாய் அடுக்கும் கை மெதுவாகப் போகும். சூப்பர்வைசர் கத்துவார்.

அவள் எங்கள் கட்டங்களுக்குள் போய்ப் பார்க்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். யார் எதுவரை பார்த்திருக்கிறார்கள், எதைப் பாதியில் விட்டார்கள் என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எனக்கு அதில் ஒரு நடுக்கம் இருந்தது. கூடப் பிறந்தவர்களுக்குத் தெரியாதது அந்தக் கோட்டில் தெரிந்துவிடுகிறது.

சத்யா கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. வேன் கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏழுமல, உள்ள திருப்பு. அவ வூட்டுக்குப் போவணும்."

"கம்பெனிக்கு டைம் ஆவுது. இன்னா ஆச்சி இப்ப?"

"கடைசிக்கு முந்தின எபிசோடுல நிறுத்தியிருக்கறா. கத்தியோட ஒருத்தன் கதவத் தட்றான், அந்த எடத்துல. ரெண்டு நாளா கோடு நவுரல. அந்த எடத்துல எவளும் நிறுத்த மாட்டா. இன்னாவோ ஆயிருக்குது."

மாமியார், தூக்கு, மண்ணெண்ணெய் என்று என் மனசு எங்கெங்கோ ஓடியது. தெருவுக்குள் வேன் நுழைய இடமில்லை. நாங்கள் நாலைந்து பேர் தொப்பியும் அடையாள அட்டையுமாக ஓடினோம். அங்கே சத்யா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் எதிரில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். போன் தண்ணி டிரம்மில் விழுந்துவிட்டதாம். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாளாம். கூடவே லேசாகச் சளி.

"அய்யய்யோ, இதுக்கா எல்லாரும் வந்தீங்க? சாவு வூட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்களேக்கா!"

அன்றைக்கு எல்லோருக்கும் லேட். சூப்பர்வைசர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். வேனில் ஒரு வாரத்துக்கு அக்காவை ஓட்டி எடுத்தார்கள். யாராவது தும்மினால்கூட, "யக்கா, கோடு நின்னுடப் போவுது, வண்டியத் திருப்பு," என்பார்கள். அக்காவுக்கு ஒரு துளி வெட்கம் கிடையாது.

"நான் நெனச்சது தப்பாப் போனா நல்லதுதானடி. சரியா இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பயந்தது தப்பாகப் போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கும் வேண்டியது.

ஏழுமலை அண்ணன் விஷயம் அப்படிச் சிரிப்பில் முடியவில்லை. ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது, அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏழுமல, உன் கோடு அந்தக் கல்யாண சீன்லயே நிக்குதே. திரும்பத் திரும்ப அதையே இன்னாத்துக்கு ஓட்டற? சிரிப்பா ஒண்ணு வெச்சிருக்கறேன், அதப் பாரு."

வேன் ஓரமாக நின்றது. அவருடைய பெண் சொல்லாமல் போய்ச் சென்னையில் கல்யாணம் செய்துகொண்டது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவர் எதிரில் பேசியதில்லை. அந்தக் கதையில் ஓர் அப்பா பந்தலில் மகளுக்குப் பொட்டு வைத்துவிடுவார். அந்த இடம்.

அவர் திரும்பாமலே பேசினார். "என் கட்டத்துல நீ எதுக்குக் கை வெக்கற? நான் இன்னாவோ பாத்துட்டுப் போறேன். அத இத்தினி பேரு எதுர சொல்லுவியா?"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "தப்புதான் ஏழுமல."

"இனிமே என்னுதுல கை வெக்காத. நல்லதும் வெக்க வேணாம், கெட்டதும் வெக்க வேணாம்."

"வெக்க மாட்டேன்."

வேன் மறுபடி கிளம்பியது. அதற்கப்புறம் இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொண்டார்கள், கிண்டல்கூடச் செய்துகொண்டார்கள். ஆனால் "அக்கா ஒண்ணு வெச்சிருக்குது" என்று மற்றவர்கள் சொல்லும்போது ஏழுமலை அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டிருப்பார்.

இத்தனை பேர் கதை தெரிந்த அக்காவின் கதை எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "என் கதையில ஆளே இல்லடி. நீ பாக்க மாட்ட, போரு," என்று சிரித்துவிடுவாள். கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஒற்றை அறை வாடகைக்கு. கண்டமங்கலம் பக்கம் ஒரு தம்பி. அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அவள் விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு வர ஆரம்பித்தாள். கேட்டால் கேஸ் என்றாள். மிட்டாயில் உடைந்ததையெல்லாம் வாயில் போட்டால் கேஸ் வராமல் என்ன செய்யும் என்று நாங்களும் சொன்னோம். ஒருநாள் இறங்கும்போது என்னை மட்டும் நிறுத்தி, "நாளைக்கு வர்ல. பாண்டிக்கு ஸ்கேன் எடுக்கப் போறேன். இதுங்ககிட்ட சொல்லாத, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுங்க. வந்து சொல்றேன்," என்றாள்.

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அறைக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டு. "தம்பி வந்து கூட்டிக்கினு போனாருங்க. சாமானெல்லாம் அப்புறம் வந்து எடுத்துக்கறேன்னாரு," என்றார் அறையை வாடகைக்கு விட்டவர். அக்கா எப்படி இருந்தாள் என்று கேட்டேன். "நடந்துதான் போனாங்க," என்றார். அந்த 'தான்' என் மனசில் பல நாள் கிடந்து குத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஸ் ஏறிக் கண்டமங்கலத்தில் இறங்கினேன். டீக்கடையில் விசாரித்தேன்.

"தம்பி பேரு இன்னாம்மா?"

"தெரியாதுங்க."

"இன்னா வேல பாக்கறாரு?"

"தெரியாதுங்க. அக்கா கண்ணாடி போட்டிருப்பாங்க, நூல் கட்டி."

அந்த ஆள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ரோடு நெடுக தம்பிங்கதாம்மா. எந்தத் தம்பின்னு நான் சொல்றது?" நல்ல மனுஷர், காசு வாங்காமல் டீ கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரும்போது, ரோட்டில் போன ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் கறுப்பு நூல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அதற்கப்புறம் எனக்கு மிச்சம் இருந்தது அவளுடைய கட்டம்தான். தினம் காலையில் வேன் ஏறியதும் அதைத் திறந்து பார்ப்பேன். அவள் கடைசியாகப் பார்த்தது ஒரு வரிசைக் குடித்தனத்தின் கதை. வடக்கே ஏதோ ஊரில், இடிக்கப் போகிற ஒரு பழைய கட்டிடம். அதில் குடியிருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் கதை. எனக்கும் அவளே வைத்தது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். அவளுடைய கோடு கடைசிக்கு முந்தின எபிசோடு முடிவில் நின்றிருந்தது. அந்த இடத்தில் எவளும் நிறுத்த மாட்டாள் என்று சொன்னவளே அவள்தான். என் கோட்டையும் அங்கேயே நிறுத்திவிட்டேன். அவள் பார்க்காமல் நான் எப்படிப் பார்ப்பது? கதையில் வருகிற அந்த மாடிப்படி ஓரத்துக் கிழவி எங்கே போனாள் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

கொஞ்ச நாள் அவள் சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்து, ஆள் வருது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அப்புறம் ரேவதி என்று விக்கிரவாண்டியில் ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். நிற்க வைத்து எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? பையை எடுத்தேன். சீட்டு போய்விட்டது, கட்டம் மட்டும் பாக்கி. அதையும் கேட்டார்கள். ரேவதிக்குப் பொதுக் கட்டம் பிடிக்கவில்லை, எதைத் திறந்தாலும் பேய் வருகிறது என்றாள். அக்கா கட்டத்தை அழித்தால் அவளுக்கு ஒன்று கிடைக்கும்.

"யாரும் பாக்காதத வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற?" என்றாள் சத்யா. அக்கா போன பிறகு பிரசவத்துக்கு நின்றவள், பொங்கல் முடிந்துதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்; அழுகிற குழந்தைக்குத் தன் கட்டத்தில் கார்ட்டூன் போட்டுக் காட்டுவாள். அவளும் மோசமானவள் இல்லை. அக்காவை நினைத்து அவளும் அழுதிருக்கிறாள். "வந்தா திரும்பப் போட்டுக் குடுத்துடலாம்க்கா."

அந்த 'வந்தா' எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில் திறந்தபோது கோடு மாறியிருந்தது. அதே கதை, ஆனால் முதல் எபிசோடு. கொஞ்ச தூரம் ஓடி நின்றிருந்தது.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அக்கா இப்படித்தான் செய்வாள், உண்மை. ஆனால் புதிதாகப் பார்க்கிற எவரும் முதல் எபிசோடிலிருந்துதானே ஆரம்பிப்பார்கள்? ஒருத்தர் போன பிறகு அவர் புடவையைக் கொடுப்பார்கள், கண்ணாடியைக் கொடுப்பார்கள். போனையும் கொடுப்பார்கள். அந்தத் தம்பி வீட்டில் ஒரு பெண் இருக்கலாம், அது அத்தை போனில் ஆப் ஒன்று இருக்கிறதே என்று திறந்திருக்கலாம். நம்பரைக் கூப்பிட்டேன். அதே பெண் குரல், அதே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சிம் இல்லாவிட்டாலும் வைஃபை இருந்தால் ஆப் ஓடுமாம். அக்கா இருந்தால் ஏன் எனக்கு ஒரு போன் செய்யவில்லை?

சத்யாவிடம் காட்டினேன். அவள் வெகு நேரம் பார்த்தாள். "வேற யாரோ பாக்கறாங்கக்கா. நம்ம கணக்குல கண்டவங்க பாக்கறாங்கன்னா நாளைக்கு இன்னா வேணா ஆவும். நாளைக்கு அழிச்சிடு. நீ இப்பிடி தெனம் அதப் பாத்துப் பாத்து ஒடம்பக் கெடுத்துக்கற."

மறுநாள் காலை அழிப்பதென்றே முடிவு செய்து வேன் ஏறினேன். விக்கிரவாண்டி போனது. ரேவதி ஏறி அக்கா சீட்டில் உட்கார்ந்தாள். கூட்டேரிப்பட்டு போனது. சத்யா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தாள். ஆப்பைத் திறந்தேன். ஐந்து பொம்மை மூஞ்சியும் வந்தன. அக்காவுடையதைத் தொடப் பயந்து, ஒத்திப் போடுகிற மாதிரி, முதலில் என் கட்டத்துக்குள் போனேன்.

முதல் வரிசையில் அதே வரிசைக் குடித்தனம் நின்றது. ஆனால் கடைசி எபிசோடு. அடியில் ஒரு துளி சிவப்பு.

நான் தொடவில்லை. என் போன் என் தலைமாட்டில்தான் இருந்தது, வீட்டுக்காரர் லாரியில் போய்விட்டார், வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதை அமுக்கினேன். தண்ணீர் வராத குழாய் ஒன்று தெரிந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, கதை அப்போதுதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது.

"சத்யா, உன்னுதத் தொற."

"இன்னாக்கா?"

"தொறடி!"

அவள் திறந்தாள். கார்ட்டூன்களுக்கு முன்னால் புதிதாக ஒன்று நின்றது, கைக்குழந்தைக்காரிகள் கும்பலாக ஒரு பார்க்கில் உட்கார்ந்திருக்கிற படம். ஒரு துளி சிவப்பு. சத்யா வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை பிறந்த விஷயம் அக்காவிடம் சொல்லவே இல்லையே என்றாள். அப்புறம் அவளே, "கார்ட்டூனப் பாத்திருக்கும்," என்றாள். ரேவதி எங்களைப் பார்த்துவிட்டுப் பொதுக் கட்டத்தைத் திறந்தாள். "இதுலயும் இருக்குதுக்கா. பேய்க்கு முன்னாடி ஒண்ணு நிக்குது."

அக்காவின் கட்டத்தைத் திறந்தேன். அவளுடையதும் கடைசி எபிசோடுக்கு வந்திருந்தது. கோடு ஒரு விரல்கடை. ஒரே மூச்சில் பார்க்கிறவள், ஒரு விரல்கடையில் நிறுத்தியிருக்கிறாள். உடம்பு அவ்வளவுதான் தாங்குகிறதோ என்று உடனே அடுத்த பயம் வந்தது.

வேன் ஓரமாக நின்றது. ஏழுமலை அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். கட்டத்தைத் திறந்து மேலே தள்ளினார், கீழே தள்ளினார். நாங்கள் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். அதே கல்யாணம், அதே இடம். புதிதாக எதுவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் வெக்கலம்மா," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

சத்யா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதான் சொல்றேன். வேற எவனா இருந்தா என்னுதுலயும் கை வெச்சிருப்பான். வேணாம்னு நான் சொன்னது அதுக்குத்தான தெரியும்."

ரோட்டில் சென்னைப் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் மறுபடி நம்பரைக் கூப்பிட்டேன். அதே குரல்.

"ஏண்ணா ஒரு போன் பண்ணக்கூடாது?" என்று அவரிடம் கேட்டேன்.

"பேச முடியலயோ இன்னாவோ. பேச முடியாதவங்க கைய அசைக்கறதில்லியா?" அவர் போனை என்னிடம் நீட்டினார். "அது கட்டத்துல ஒண்ணு வெக்கணும். எப்பிடின்னு காட்டு."

"இன்னாண்ணா வெக்கப் போறீங்க?"

"இந்தக் கல்யாணத்ததான். எனக்கு வேற இன்னா தெரியும்? நல்லா கும்பலா இருக்கும். பந்தி எல்லாம் காட்டுவான்."

அக்காவின் கட்டத்துக்குள் போய் முதல் எபிசோடைப் போட்டுக் கொடுத்தேன். பாட்டோடு பெயர்கள் வர ஆரம்பித்தன. நடித்தவர்கள், எழுதினவர்கள், துணி தைத்தவர்கள், சாப்பாடு போட்டவர்கள் என்று வந்துகொண்டே இருந்தன. அவர் நிறுத்துவதற்குக் கட்டைவிரலைத் திரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் காத்திருந்தார். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது, வாசலில் சூப்பர்வைசர் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்திகூட ஜல்தி என்று சொல்லவில்லை. பெயர்கள் முடியட்டும் என்று வேன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.